கதவருகே காத்திருந்த பூனை

ஆங் மோ கியோ
12 ஜனவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே நானும் அம்மாவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மூக்குக்கண்ணாடிக் கடையில் உங்களை நாள் முழுக்க நிற்கவைக்க வேண்டாம் என்று முதலாளி யூசுப் பாயிடம் நான் வந்து சொல்ல முடியாது. நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

மிட்டாயும் நலம். இப்போது ஜன்னலோரம் பகிரங்கமாக உட்கார்ந்திருக்கிறது. வீவக கட்டிய அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கலாம் என்று சட்டம் மாறியதிலிருந்து அதற்கு மிடுக்கு கூடிவிட்டது. முன்பெல்லாம் யாராவது அதிகாரி கதவைத் தட்டினால் குளியலறைக்குள் போட்டுக் குழாயைத் திறந்துவிடுவேன். இனி உரிமம் வாங்கினால் போதும். மிட்டாய் உங்களுடையது. உங்கள் பெயரிலேயே வாங்கட்டுமா?

வேலையிடத்தில் அனுப்ரியா இந்த உறையைப் பார்த்துவிட்டாள். "டன்லப் தெருவுக்கா லெட்டர்? எம்ஆர்டி ரயில்ல ஏறினா நேரா போய்ப் பேசிட்டு வந்துடலாம்லா" என்று சிரித்தாள். என் ஃபோனை எடுத்துத்தான் அம்மா கடையநல்லூர் உறவுகளோடு வீடியோவில் பேசுவாள் என்பது அவளுக்குத் தெரியாது. தபால் பெட்டிச் சாவி மட்டும்தான் இந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருப்பது. தவிர, "நேரில் வராதே, எழுது" என்று முதலில் சொன்னது நீங்கள்.

நீங்கள் அண்ணனைப் பிரிந்து போன மறுவாரம்தான் நான் மெல்பர்னில் படிப்பை முடித்து வந்தேன். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பூட்டிய கதவைப் பார்த்தபடி உங்களுக்காக மிட்டாய் காத்திருந்தது. ஐந்து வருடம் ஆகியும் அது எனக்கு நேற்றுப் போல் இருக்கிறது. நீங்கள் விட்டுப்போன ரைஸ் குக்கரும் இன்னும் உழைக்கிறது. மூடியின் பிடி மட்டும் லேசாக ஆடுகிறது.

அடுத்த மாதம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உங்கள் துஆவை நாடும்,
மர்யம்

•

டன்லப் தெரு
21 ஜனவரி 2025

அன்பு மர்யம்,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். முதுகு அதன் பாட்டுக்கு இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா? அதை நீ எழுதவே இல்லை. கிளமெண்டி நூலகத்துக்கு வேலைக்குப் போய்வரும் நாட்களில் ராத்திரி வெறும் பிஸ்கட்டோடு படுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். நூலகத்தில் ஏசிக்குக் கீழே உட்காராதே.

உரிமத்தை உன் பெயரிலேயே எடு. சோறு போடுகிறவள் நீ.

பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் என்ன பெயிண்ட்? சுவரில் பட்ட மஞ்சள் கறை தானாகப் போகட்டும் என்று உன் அம்மா பத்து வருடமாகப் பெயிண்டே அடிக்காமல் இருந்தவர்.

கறுப்பு அபாயா உடுத்துவதையே விட்டுவிடலாம் போலிருக்கிறது. எதைப் போட்டாலும் வெள்ளை முடி ஒட்டிக்கொள்கிறது. வேறென்ன. போன தடவை பூனையின் படம் மட்டும் அனுப்பினாய். அடுத்த தடவை உன் படமும் ஒன்று வேண்டும்.

உன் நலம் நாடும்,
சம்சுன்னிசா

•

ஆங் மோ கியோ
16 பிப்ரவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்தைக் கேட்டு நிம்மதி. நான் சாப்பிடுகிறேன். சத்தியமாக.

மிட்டாயை மருத்துவரிடம் கொண்டுபோய் உடம்பில் சிப் வைத்துவிட்டேன். அரிசி மணி அளவுதான். ஊசி போட்டபோது கத்தவில்லை, என் சட்டைக் கையை மட்டும் கவ்விக்கொண்டது. மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு வயது பன்னிரண்டாவது இருக்கும் என்றார். நான் ஒன்பது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இடது காது நுனி வெட்டியிருப்பதையும் காட்டி, தெருப்பூனையைப் பிடித்துக் கருத்தடை செய்து விடும்போது வைக்கும் அடையாளம் இது என்றார். நீங்கள் அதை எங்கிருந்து எடுத்துவந்தீர்கள் என்று நான் கேட்டதே இல்லையே. மெல்பர்னில் இருந்தபோது வீடியோவில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று உங்கள் தோளில் ஏறுவதைப் பார்த்ததோடு சரி.

ஒன்று மட்டும் இன்னும் சங்கடம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. நீங்கள் கூப்பிட்ட பெயர் என்பதால் என் வாயில் கேட்கப் பிடிக்கவில்லை போலும்.

பெயிண்ட் வேலை நடக்கிறது. சோபாவை நகராண்மைக் கழக லாரி வந்து எடுத்துப்போனது. ரைஸ் குக்கரும் போகவேண்டிய வரிசையில்தான் இருந்தது. நான் தூக்கி என் அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். புத்தகங்களுக்கு நடுவே அது உட்கார்ந்திருப்பது பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

இந்த வீட்டில் எதையாவது நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் சரியில்லை. அது பெயிண்ட் வாடையாலும் இருக்கலாம்.

அன்புடன்,
மர்யம்

•

டன்லப் தெரு
30 மார்ச் 2025

அன்பு மர்யம்,

நாளை பெருநாள். உனக்கும் அம்மாவுக்கும் என் வாழ்த்து. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நோன்பு, கடையில் கூட்டம் என்று காரணம் சொல்லலாம். உண்மையில் இரண்டு தடவை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

உன் அண்ணனுக்கு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டதாமே. யூசுப் பாய் பள்ளிவாசலில் கேட்டு வந்து, எனக்குச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று எழுதத் தெரிந்த உனக்கு எதற்கு என்று எழுத வரவில்லையா?

நல்ல செய்திதான். நான் மனதாரச் சொல்கிறேன்.

சம்சுன்னிசா

•

ஆங் மோ கியோ
6 ஏப்ரல் 2025

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்தையும் அந்த எண்ணத்தோடுதான் ஆரம்பித்தேன். எழுதினால் அதுவே கடைசிக் கடிதமாகிவிடும் என்று பயம்.

அவர் பெயர் அமீரா. பாலர் பள்ளி ஆசிரியை. அமைதியானவர். வெறுக்க ஒரு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆஸ்துமா இருக்கிறது. பெருநாளன்று வந்தவர் கால்மணி நேரத்தில் மூச்சு இழுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அப்படியும் பூனையைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அன்று மாலை அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஜூன் பதினாலு நிக்காஹ். அதுக்குள்ள பூனைக்கு ஒரு வழி பாரு லா."

"என்ன வழி?"

"அவ பூனைன்னுதானே இத்தனை வருஷம் சொல்லிட்டிருக்க. அவகிட்டயே கொடுத்திடு."

சொல்லிவிட்டு மிட்டாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டார்.

அம்மா வேறொன்று சொன்னாள். நான் உங்களை வாய் தவறி மதினி என்று சொன்னபோது, "இனிமே அமீராதான் உனக்கு மதினி. பழசையே சொல்லிட்டிருந்தா புதுசா வர்ற புள்ளைக்கு வலிக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

நானும் இந்த வீட்டிலிருந்து கிளம்பலாம் என்று பார்க்கிறேன். தனியாளாகச் சொந்த வீடு வாங்க முப்பத்தைந்து வயதாக வேண்டும், எனக்கு அதற்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. வாடகை அறைகளைப் பார்க்கப் போனால் எல்லாரும் முதல் கேள்வியாகப் பிராணி உண்டா என்கிறார்கள். பொய் சொல்லிப் பார்த்தேன், என் பாவாடையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்து ஒரு ஆன்ட்டி சிரித்துவிட்டார்.

மதினி, மிட்டாயை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் போகிறது என்றால் எனக்கு அது பிரிவே இல்லை. நேரில் பார்க்கக்கூடாது என்றால் யூசுப் பாயிடம் கூடையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
மர்யம்

•

டன்லப் தெரு
20 ஏப்ரல் 2025

அன்பு மர்யம்,

நலம். நீ நலமா?

என்னால் இப்போது எடுத்துக்கொள்ள முடியாது. காரணம் கேட்காதே. நூலகத்தில் உன்னோடு வேலை செய்பவர்கள் யாராவது இருப்பார்கள். அனுப்ரியாவிடம் கேட்டுப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சம்சுன்னிசா

•

ஆங் மோ கியோ
4 மே 2025

மதினிக்கு,

ஸலாம். சுகம் விசாரித்து எழுத இன்று மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தை நாலு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கிளமெண்டியில் இறங்க வேண்டியவள் ஜூரோங் ஈஸ்ட் வரை போய்த் திரும்பினேன். அனுப்ரியாவின் வீட்டில் நாய் இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நேற்று டன்லப் தெருவுக்கு வந்தேன். இது முதல் தடவை இல்லை. எதிரே பூக்கடை ஓரத்தில் நின்றேன். நீங்கள் ஒரு பெரியவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, அவர் ஏதோ சொன்னதற்குச் சிரித்தீர்கள். பிறகு பசை உருளையை எடுத்து அபாயாவின் கையில் உருட்டினீர்கள். நன்றாகத்தான் இருக்கிறீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உடனே கோபமும் வந்தது.

ஐந்து வருடம் அதற்கு நான் சோறு வைத்தது உங்களுக்காகத்தான். காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து வைத்தேன். என்றாவது உங்களிடம் நல்லபடியாக ஒப்படைக்க வேண்டும் என்பது ஒன்றே எனக்கு நினைப்பு. இப்போது முடியாது என்று இரண்டு வரியில் எழுதுகிறீர்கள். பூனை வேண்டாம் என்கிறீர்களா, இந்த வீட்டு ஞாபகமே வேண்டாம் என்கிறீர்களா? இரண்டாவது என்றால் அதில் நானும் இருக்கிறேன். அதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

நிக்காஹுக்குள் இடம் கிடைக்காவிட்டால், கீழ்த்தளத்தில் பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கும் சீன ஆன்ட்டியிடம் கேட்கப் போகிறேன். வேறு வழி தெரியவில்லை.

மர்யம்

•

ஜூரோங்
11 மே 2025

அன்பு மர்யம்,

வ அலைக்கும் ஸலாம். இந்த முறை கடையில் வைத்து எழுதவில்லை. மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். இது என் வீடு. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய மூவறை வீடு. அதையும் நான் உனக்குச் சொல்லவில்லை. ஏன் என்று கடைசி வரை படி, புரியும்.

உன்னிடம் இருப்பது மிட்டாய் இல்லை.

மிட்டாய் இப்போது இந்த மேசையில், நான் எழுதும் தாளின் ஓரத்தில் வாலைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. அந்த வீட்டைவிட்டு வந்த அன்று மற்றதையெல்லாம் போட்டுவிட்டு இதை மட்டும் துணிக்கூடையில் வைத்து எடுத்துவந்தேன். அப்போது தங்கியிருந்த அறையின் வீட்டுக்காரம்மா நல்லவர், கண்டும் காணாமல் இருந்தார். பத்து நாள் கழித்துக் கடைக்கு உன் முதல் கடிதம் வந்தது. "மதினி, கவலைப்படாதீர்கள், மிட்டாய் உங்களுக்காகக் கதவருகே காத்திருந்தது, உள்ளே கொண்டுவந்துவிட்டேன்" என்று எழுதி ஒரு படமும் வைத்திருந்தாய். கறுப்பு வெள்ளைதான், ஆனால் இடது காது நுனி வெட்டியிருந்தது. மிட்டாய்க்கு இரண்டு காதும் முழுசு. நீ கொண்டுபோனது அந்த பிளாக்கின் கீழ்த்தளத்துப் பூனை. நான் பால் வைக்கிற பழக்கத்தில் சில நாள் மாடிக்கு ஏறி வரும்.

அன்று சத்தமாகச் சிரித்தேன். மறுநாள் எழுதிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தபோது கை வரவில்லை. விவாகரத்தாகிப் போனவளுக்குக் கணவன் வீட்டிலிருந்து யார் எழுதுவார்கள்? நீ எழுத ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அந்தச் சாக்குக்கு நாலு கால் இருந்தது. அது என் பூனை இல்லை என்று சொன்னால் உன் அம்மா அதைக் கீழே கொண்டுபோய் விட்டுவிடுவார். நீயும் ஒரு பெருநாள் வாழ்த்தோடு நின்றுவிடுவாய். நானும் ரஃபீக்கும் ஏன் பிரிந்தோம் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பூனையைப் பற்றித்தான் எழுதினாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

எடுத்துக்கொள் என்று நீ கேட்டதும் பயந்துபோனேன். கூடையை யூசுப் பாயிடம் கொடுத்தாலும், பூனையைப் பார்க்க என்றாவது வந்து மிட்டாயையும் பார்ப்பாய். அதனால்தான் அந்த இரண்டு வரிக் கடிதம். அதை எழுதியதற்கு மன்னித்துவிடு.

ரஃபீக்குக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. மிட்டாயோடு மூன்று வருடம் இருந்தவர் அவர். உன் அம்மா பூனையை ஒரு நாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவரிடம்தான் நீ கேட்க வேண்டும்.

ஒரு வீட்டில் இரண்டு பூனை வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கூடையைக் கொண்டுவா. வரமாட்டேன் என்றாலும் எனக்குப் புரியும்.

சம்சுன்னிசா

•

ஆங் மோ கியோ
1 ஜூன் 2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

தாமதத்துக்குக் காரணம் கோபம்தான். வேலை, கல்யாண வேலை என்று எதையும் சொல்ல விரும்பவில்லை.

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஒன்றில் கறுப்பு அபாயாவில் வெள்ளை முடி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நரைத்துவிட்டதோ என்று அன்று நான் வருத்தப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது யார் மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. ஐந்து வருடம் முன்பின் தெரியாத ஒரு பூனையின் தூக்கத்தையும் தும்மலையும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் சலிக்காமல் படித்திருக்கிறீர்கள்.

அண்ணனிடம் கேட்டேன். புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூலைவிட்டு இறங்காமலே பேசினார்.

"தெரியும்லா. நீ ஏர்போர்ட்லேந்து வந்த அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ அதைத் தூக்கி வச்சுக்கிட்டு மதினி பூனை, மதினி பூனைன்னு நின்ன. அவ பேரை இந்த வீட்ல எடுக்க யாராச்சும் ஒருத்தர் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஸ்டூலை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டி முடித்துப் போகும்போது, "அதுவும் நம்ம வீட்டுப் பூனைதான். அமீராவுக்கு முடியாதுன்னுதான் சொன்னேன்" என்றார்.

கீழ்த்தளத்துச் சீன ஆன்ட்டியைப் பார்த்துப் படத்தைக் காட்டினேன். என் ஃபோனை வாங்கி விரல்களால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, திடீரென்று என் தோளில் ஓர் அடி போட்டார். இதைத் தேடி எத்தனை நாள் அலைந்திருக்கிறார் தெரியுமா. வண்டியில் அடிபட்டுவிட்டது என்று முடிவுகட்டி அழுதாராம். அந்தக் கார் நிறுத்தம் முழுவதும் இதன் ஆட்சியாம், அதனால் பெயர் பாஸ். பன்னிரண்டு வயது சரியாக இருக்கும் என்றார். மருத்துவரிடம் நான்தான் வீணாக வாதாடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக "பாஸ்" என்று கூப்பிட்டேன். ஐந்து வருடத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தது. எழுந்து வந்து என் காலில் தலையை முட்டியது.

வருகிறேன் என்றும் வரவில்லை என்றும் எழுத வரவில்லை. இவ்வளவுதான் இன்று.

மர்யம்

•

ஜூரோங்
7 ஜூன் 2025

அன்பு மர்யம்,

இன்று ஹஜ்ஜுப் பெருநாள். உனக்கு என் துஆ.

உறைக்குள் சாவி இருக்கிறது, தொலைத்துவிடாதே. முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உள்ளறை காலியாக இருக்கிறது, மதியம் வெயில் அடிக்கும், புத்தகங்களுக்கு ஆகாது. ஜன்னலுக்குத் துணி தைத்துப் போட்டுவிட்டேன். ஒரு மாதமோ ஒரு வருடமோ, உன் இஷ்டம். மிட்டாய் பொல்லாதது, பாஸ் என்ன பாடுபடப்போகிறதோ.

அம்மா சொன்னது சரி. அமீராவை மதினி என்று கூப்பிடு. அந்தப் பெயர் அந்த வீட்டில் இருக்கிறவளுக்கு உரியது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இல்லை. என்னை என்ன கூப்பிடுவது என்று நீ யோசித்து வை. அவசரம் இல்லை.

சம்சுன்னிசா

•

ஜூரோங்
16 ஜூன் 2025

பெயர் இன்னும் முடிவாகவில்லை, அதனால் இந்த இடம் காலியாக இருக்கிறது.

அஸ்ஸலாமு அலைக்கும். தபால் தலை இல்லாத என் முதல் கடிதம் இது. உங்கள் சமையலறை மேசையில் வைத்து எழுதுகிறேன். நீங்கள் கடையிலிருந்து வர இன்னும் நேரம் இருக்கிறது. பேசாமல் காத்திருக்க முடியவில்லை.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. பிரியாணி சாப்பிட்டேன், வயிறு நிறைய. அமீராவை மதினி என்று கூப்பிட்டேன். வாய் ஒரு நொடி நின்றது, பிறகு வந்துவிட்டது. இன்று காலை அண்ணன் பாஸின் கூடையை லிஃப்ட் வரை தூக்கி வந்தார். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. "ஜூரோங்ல லிஃப்ட் எல்லாம் ஸ்லோ, பாத்துப் போ" என்றார். உங்கள் வீடு எங்கே என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. யூசுப் பாய் செய்திகளை இரண்டு பக்கமும் கொண்டுபோகிறார் போலிருக்கிறது.

மிட்டாயைப் பார்த்தேன். இரண்டு காதும் முழுசு. என்னைப் பார்த்ததும் ஃப்ரிட்ஜ் மேல் ஏறிக்கொண்டது. பாஸ் கூடையைவிட்டு வந்ததும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து உறுமின. என்ன செய்வது என்று தெரியாமல் நான் நடுவில் நின்று இருவருக்கும் ஸலாம் சொன்னேன்.

உரிமம் வந்துவிட்டது. உரிமையாளர் மர்யம், பூனை பாஸ். அறையில் பெட்டியை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் தங்குகிறேன் என்று ஆகிவிடும். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். ஐந்து வருடம் எழுதிய ஆளிடம் நேரில் முதலில் என்ன சொல்வது என்று எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

உங்களுடைய புதுக் குக்கர் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் நான் கொண்டுவந்த பழையதில்தான் சோறு வைத்திருக்கிறேன். பிடியைத் துணியால் பிடித்துத் தூக்குங்கள்.

கதவை மெதுவாகத் திறங்கள். பாஸ் கதவருகேதான் உட்கார்ந்திருக்கிறது. யாருக்காக என்று இந்த முறை நான் சொல்லப்போவதில்லை.

மர்யம்